மாமா, ஒரு இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட் கிடைக்குமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டு அக்காவின் மகள் வந்தாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருடம். அம்மா கொடுத்துவிட்ட நேந்திரங்காய் சிப்ஸை மேஜையில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் கேட்டாள்:

“மாமா, உங்க கம்பெனி பேர்ல ஒரு இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட் கிடைக்குமா? ரெண்டு வாரம்னு போட்டாப் போதும். நான் வரணும்னு ஒண்ணும் இல்ல.”

அந்தக் கடைசி வாக்கியத்தை எனக்கு உபகாரம் செய்வதுபோலச் சொன்னாள். கல்லூரியில் மாதக் கடைசிக்குள் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கிரெடிட் கிடையாது. வகுப்பில் பலர் எங்கெங்கோ பணம் கட்டி வாங்கிவிட்டார்களாம். அப்பாவிடம் கேட்டால் தருவார், ஆனால் மாமா இருக்கும்போது எதற்குக் காசு என்று என்னிடம் வந்திருக்கிறாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதே வேலையைச் செய்தவன்தானே நானும்.

எங்கள் காலத்தில் இதற்கு ஐ.பி.டி. என்று பெயர். இன்பிளான்ட் ட்ரெயினிங். 2011-ல் எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் வருடம் படிக்கும்போது ஆளுக்கு 2,500 ரூபாய் கட்டி, 22 பேர் நாகர்கோவிலில் ரயிலேறிச் சென்னைக்குப் போனோம். ஐந்து நாள் பயிற்சி. முதல் நாள் ஒருவர் ப்ரொஜெக்டரில் படம் காட்டினார். இரண்டாம் நாள் அதே படத்தை இன்னொருவர் காட்டினார். மூன்றாம் நாள் மெரினா. கடைசி நாள் கையில் கிடைத்த சர்டிபிகேட்டில் என் செயல்பாடு ‘எக்ஸலன்ட்’ என்று அச்சடித்திருந்தது. 22 பேருக்கும் எக்ஸலன்ட்தான். பத்திரமாக லேமினேட் செய்து வைத்தேன்.

சில மாதம் கழித்து ஓர் இன்டர்வியூ. அதை எடுத்துப் பார்த்தவர், “இங்கே என்ன செய்தீர்கள்?” என்றார். மைக்ரோகன்ட்ரோலர் என்றேன். எந்த மைக்ரோகன்ட்ரோலர் என்றார். எனக்கு அந்த ஏசி அறையிலேயே வியர்த்தது.

அந்த வருட ஜூனில் அப்பா என்னைக் குளச்சல் பக்கம் ஒரு கடையில் கொண்டுபோய் விட்டார். படகுக்காரர்களின் எக்கோ சவுண்டர் (கடலின் ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டுகிற கருவி), ஜி.பி.எஸ்., வயர்லெஸ் செட் எல்லாம் ரிப்பேர் செய்கிற கடை. மேற்குக் கரையில் ஜூன், ஜூலைதான் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். செட்டுகளை எல்லாம் கழற்றிக்கொண்டு கடைக்கு வருவார்கள். கடைக்கார அண்ணன் பாலிடெக்னிக் படித்தவர். “சம்பளம் எல்லாம் கிடையாது, சும்மா வந்து நிக்கட்டும்” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

முதல் பத்து நாள் ஸ்க்ரூ கழற்றுவதும், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பிரஷில் தொட்டு போர்டைத் துடைப்பதும்தான் வேலை. இன்ஜினியரிங் படிக்கிறவனுக்கு இதுவா வேலை என்று உள்ளுக்குள் ஒரு குமைச்சல். ஒருநாள் ஆன் ஆகாத ஒரு எக்கோ சவுண்டரை என்னிடம் தள்ளினார். நான் திறந்து பார்த்துவிட்டு, படித்த தோரணையில், ஐசி, அதாவது சிப், போயிருக்கிறது, மாற்ற வேண்டும் என்றேன்.

“லேய் மக்கா, மொதல்ல கனெக்டரப் பாரு. ஐசி எங்கயும் ஓடிப் போவாது.”

பார்த்தேன். பவர் கனெக்டரின் பின்னெல்லாம் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. கடல் உப்பு. சுரண்டித் துடைத்து மாட்டியதும் திரை எரிந்தது. முதலில் வோல்டேஜ் வருகிறதா, அப்புறம் கனெக்டர், அதற்கு அப்புறம்தான் போர்டு என்ற வரிசையை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். நான் வைத்த சால்டரிங்கை அவர் லென்ஸ் வைத்துப் பார்ப்பார். மங்கலாக இருந்தால் பிரித்து மறுபடி வைக்கச் சொல்வார். ஒரே நாளில் 14 இடத்தைப் பிரிக்க வைத்திருக்கிறார். மத்தியானம் சோறும் மீன்குழம்பும் உண்டு.

மாதக் கடைசியில் வெட்கத்தை விட்டு சர்டிபிகேட் கேட்டேன். பில் புக்கில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தார்: ‘இவன் ஒரு மாதம் இங்கே வேலை பார்த்தான். சால்டரிங் பரவாயில்லை.’ அடுத்த வருடம் கேம்பஸ் இன்டர்வியூவில் இந்தக் கடையைப் பற்றி மட்டும் 20 நிமிடம் பேசினேன். எக்ஸலன்ட் தராததை இந்தப் பரவாயில்லை தந்தது.

ஆகவே இன்டர்ன்ஷிப் தேடிப் போகும் இடத்தில் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அங்கே உன் வேலையை எடுத்துப் பார்த்து, இது சரியில்லை, திருப்பிச் செய் என்று சொல்ல ஒரு ஆள் இருக்கிறாரா? இருந்தால் அது பில் புக் வைத்திருக்கிற கடையாக இருந்தாலும் போகலாம். இல்லையென்றால் 20 மாடிக் கட்டடமாக இருந்தாலும் வீண். இது ஒன்றும் நம் ஊருக்குப் புதிதில்லை. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையம் நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், தேனீப் பெட்டியைத் திறந்து காட்டித்தான் தேனீ வளர்ப்பு சொல்லிக் கொடுத்தார். ஐந்து நாள் படம் காட்டி அனுப்பியிருந்தால் மார்த்தாண்டம் தேனுக்கு இந்தப் பெயர் வந்திருக்காது.

சரி, எதிர்வீட்டுப் பிள்ளைக்கு வருகிறேன். உன் ரெஸ்யூமைக் காட்டு என்றேன். இரண்டு பக்கம். அப்பா பெயர், பிறந்த தேதி, திருமணம் ஆகாதவர் என்ற தகவல், ‘மேற்கண்ட யாவும் உண்மை’ என்ற உறுதிமொழி. நடுவில் ஒரே ஒரு ப்ராஜெக்ட்: முகத்தைப் பார்த்து வருகைப் பதிவு செய்யும் சிஸ்டம். ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கியது. இந்த முக வருகைப் பதிவை நான் வருடத்துக்குப் பத்து ரெஸ்யூமிலாவது பார்க்கிறேன். யாருடைய முகத்தையும் அது இதுவரை பதிவு செய்ததாகத் தெரியவில்லை.

வேறு எதுவும் செய்ததில்லையா என்று கேட்டேன். “இல்ல மாமா.” அப்புறம் கொஞ்சம் தயங்கி, “அப்பாக்கு ஒரு ஆப் செஞ்சு குடுத்தேன். அது சும்மா வீட்டுக்கு.”

அவள் அப்பாவுக்குக் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது. தினம் எத்தனை ஷீட், எவ்வளவு ஒட்டுப்பால் (வெட்டிலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிய பால்), அன்றைக்கு என்ன விலை, வெட்டுகிறவருக்குக் கொடுத்த கூலி எல்லாம் அதில் எழுதலாம். திறந்து பார்த்தேன். மூலையில் ‘மழை’ என்று ஒரு பட்டன். இது எதற்கு என்றேன். மழை நாளில் பால்வெட்டு கிடையாது, அந்த நாளையும் சேர்த்துச் சராசரி போட்டால் கணக்கு தப்பாக வருகிறது, அப்பா சத்தம் போட்டார், அதனால் வைத்தேன் என்றாள். பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசினாள். முக வருகைப் பதிவைப் பற்றி அவளால் ஒரு நிமிடம் பேச முடியவில்லை.

பிள்ளைகளே, இந்த மழை பட்டனைத்தான் எங்களைப் போன்றவர்கள் தேடிக்கொண்டிருக்கிறோம். ஒரு ஆளுக்கு ஒரு பிரச்சினை, அதை நீ பார்த்தாய், செய்தாய், அவர் திட்டினார், திருத்தினாய். ரெஸ்யூமின் தலையில் இருக்க வேண்டியதை ‘சும்மா வீட்டுக்கு’ என்று ஒளித்து வைத்திருக்கிறீர்கள். அன்றைக்கே உறுதிமொழியைத் தூக்கிவிட்டு ஒரே பக்கமாக எழுத வைத்தேன்.

அடுத்தது எங்கே தேடுவது. நம் மாவட்டத்துப் பெற்றோருக்குச் சென்னை அல்லது பெங்களூர் என்றால்தான் பெருமை. நாகர்கோவிலிலிருந்து சென்னை 700 கிலோமீட்டர். திருவனந்தபுரம் சுமார் 70. மார்த்தாண்டத்துக்காரர்களுக்கு இன்னும் கிட்டே. அங்கே கழக்கூட்டத்தில் 1990-லிருந்து டெக்னோபார்க் இருக்கிறது. இரணியலிலும் குழித்துறையிலும் ரயிலேறி வேலைக்குப் போய்விட்டு ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பிடுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். பெண் பிள்ளையை வெளியூரில் தங்க வைக்க மாட்டோம் என்கிற வீடுகளுக்கு இது எவ்வளவு பெரிய வசதி! போதாததற்கு விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. அதை ரெஸ்யூமில் எழுத வெட்கப்படுகிறார்கள்.

ஐ.டி. மட்டும்தான் என்றும் இல்லை. பி.காம். பிள்ளைகள் நாகர்கோவிலில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கேட்கலாம். மாதாமாதம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்.-1 கடைசித் தேதி 11, 3பி-க்கு 20. அந்தப் பத்து நாள் நெருக்கடியில் கூடவே உட்கார்ந்தால் ஒரு செமஸ்டர் பாடம் புரிந்துவிடும். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் என்றால் முப்பந்தல் காற்றாலைகளைப் பராமரிக்கிற காண்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். மகேந்திரகிரியில் இஸ்ரோ இருக்கிறதே என்று எல்லோரும் கேட்கிறார்கள். அங்கே அப்ரன்டிஸ் எடுக்கிறார்கள், ஆனால் அது பட்டமோ டிப்ளமோவோ முடித்தவர்களுக்கு, 1961-ஆம் வருட அப்ரன்டிஸ் சட்டப்படி. இன்டர்ன்ஷிப் வேறு, அது வேறு. 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டமும் அப்படித்தான். மாதம் 5,000 ரூபாய் என்றதும் எல்லோரும் ஓடினார்கள். தொடங்கியபோது முழுநேரம் கல்லூரியில் படிக்கிறவர்களுக்கு அதில் இடமில்லை என்றுதான் வைத்திருந்தார்கள்.

அறிவியல் படிக்கிறவர்கள் இன்னும் முன்னாலேயே விழிக்க வேண்டும். மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை, சென்னை ஐ.ஐ.டி.யின் கோடைக்காலப் பயிற்சி இவற்றுக்கெல்லாம் கோடைக்கு முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும். நம் பிள்ளைகள் ஏப்ரல் கடைசியில், பரீட்சை முடிந்த மறுநாள் கேட்கிறார்கள்.

மெயில். இதைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம். அவள் எழுதிய முதல் மெயில் ‘ரெஸ்பெக்டட் சார் ஆர் மேடம்’ என்று தொடங்கி, ‘எஸ்டீம்ட் ஆர்கனைசேஷன்’ வழியாக ஓடியது. 40 முகவரியையும் ஒரே மெயிலில் போட்டிருந்தாள், யார் யாருக்குப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும்படி. இரண்டாவது மெயில் சாட்ஜிபிடி எழுதியது. அது இன்னும் மோசம், ஏனென்றால் எனக்கு வருகிற எல்லா மெயிலும் அதேபோலத்தான் இருக்கின்றன. மூன்றாவதை அவளே எழுதினாள். நான் யார், உங்கள் கம்பெனி செய்த இந்தச் சாஃப்ட்வேரைப் பார்த்தேன், நான் ரப்பர் கணக்குக்கு இதைச் செய்திருக்கிறேன், லிங்க் இதோ, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை வர முடியும். அவ்வளவுதான். பத்து நாள் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். யாருக்கும் உங்கள்மேல் பகை இல்லை, மெயில் படிக்க நேரமில்லை.

பணம் கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள். ரெஜிஸ்ட்ரேஷன், டெபாசிட், ட்ரெயினிங் கிட் என்று பெயர் எதுவாக இருந்தாலும் சரி. சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப் பற்றிக் கேட்பீர்கள். நானே ஒரு மாதம் மீன்குழம்புக்கு வேலை பார்த்தவன், அதனால் அடியோடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் ஆறு மாதம் முழுநேரம் வேலை வாங்கிவிட்டு பஸ் காசுகூடத் தராத இடம் கற்றுக்கொடுக்கிற இடமில்லை.

சேர்ந்த பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டும். ஆறு வருடமாக இன்டர்ன்களோடு வேலை பார்க்கிறேன். நம் ஊர்ப் பிள்ளைகள் உழைப்பாளிகள். ஆனால் புரியாவிட்டாலும் “ஓகே சார்” என்று தலையாட்டுவார்கள். தக்கலைப் பக்கமிருந்து ஒரு பையன் வந்தான். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. நாலு நாள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். தப்பு எங்கள் பக்கமும் உண்டு, நான்தான் கவனித்திருக்க வேண்டும். ஐந்தாம் நாள் கேட்டபோது, “நீங்க பிசியா இருந்தீங்க அண்ணா” என்றான்.

அதிலிருந்து வருகிறவர்களிடம் ஒன்று சொல்வேன். அரை மணி நேரம் நீயே முட்டி மோது. அப்புறம் எழுந்து வந்து கேள். கேட்கும்போது என்னென்ன செய்து பார்த்தாய் என்பதையும் சேர்த்துச் சொல். சாயங்காலம் போகும் முன் மூன்று வரி மெசேஜ்: இன்று என்ன செய்தேன், எங்கே நிற்கிறது, நாளைக்கு என்ன. இதை ஒரு மாதம் விடாமல் செய்த ஒரு பெண்ணை நாங்கள் படிப்பு முடியும்வரை காத்திருந்து வேலைக்கு எடுத்தோம். அவள் கோடிங்கில் சுமார்தான். இன்னொன்று, கம்பெனியில் எழுதிய கோடிங்கை உங்கள் கிட்ஹப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி போடாதீர்கள், ஏஐ-யில் ஒட்டாதீர்கள். பெருமைக்காகப் போட்டு மாட்டிக்கொண்டவனைப் பார்த்திருக்கிறேன்.

எதிர்வீட்டுப் பிள்ளை இந்த முறை 11 இடத்துக்குத் தனித்தனியாக மெயில் போட்டாள். இரண்டு பதில் வந்தது. கழக்கூட்டத்துக்காரர்கள் இப்போது இடமில்லை, டிசம்பரில் கேளுங்கள் என்றார்கள். நாகர்கோவிலில் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுகிற ஏழு பேர் கம்பெனி ஒன்று போனில் கூப்பிட்டு அந்த மழை பட்டனைப் பற்றித்தான் முதலில் கேட்டதாம். ஒரு மாதம், பஸ் காசு தருவார்கள். கல்லூரியில் துறைத் தலைவரிடம் பேசி சர்டிபிகேட் தேதியையும் அவளே தள்ளி வாங்கிவிட்டாள். திங்கட்கிழமை சேர வேண்டும்.

நேற்று ராத்திரி மறுபடி வந்தாள். இந்தத் தடவை சிப்ஸ் இல்லை. இவ்வளவு நாள் இவ்வளவு பேசியும் அவளுக்கு வேண்டிய ஒன்றை நான் சொல்லவே இல்லையாம்.

“மாமா, மொத நாள் என்ன டிரஸ் போடணும்?”

காலேஜுக்குப் போடுகிற சுடிதார் போதும் மக்களே, மத்தியானச் சாப்பாடு கையோடு கொண்டு போ, அந்தப் பக்கம் நல்ல கடை கிடையாது என்றேன்.