தினமும் ஒரு டீஸ்பூன் பட்டைப் பொடி: ஈரலின் கணக்கு

சர்க்கரை குறையும் என்று வெறும் வயிற்றில் பட்டைப் பொடி குடிக்கச் சொல்லும் வீடியோக்கள் ஓய்வதே இல்லை. எந்தப் பட்டை, எத்தனை கிராம் என்ற பேச்சே பெரும்பாலும் இருக்காது. என் கவலை அதில்தான்.

மளிகைக் கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் காசியா என்ற வகைப் பட்டை. அதில் கூமரின் என்ற மணப்பொருள் கிலோவுக்குச் சராசரியாக 3 கிராம் வரை இருக்கும். இன்னொரு வகையான இலங்கைக் கறுவாவில் மிகச் சொற்பம்.

விழுங்கிய கூமரினைக் குடல் வேகமாக, ஏறக்குறைய முழுவதுமாக உறிஞ்சிவிடும். குடலிலிருந்து போகும் ரத்தம் நேராக ஈரலுக்குத்தான் போகிறது. அங்கே சிஒய்பி2ஏ6 என்ற நொதி அதை 7-ஹைட்ராக்ஸிகூமரினாக மாற்றும். அதனுடன் குளுக்குரோனிக் அமிலம் சேர்ந்ததும் நீரில் நன்றாகக் கரைந்து சிறுநீரில் வெளியேறிவிடும். மாறாமல் தப்பி உடலெங்கும் சுற்றுவது நூற்றில் 2 முதல் 6 பங்குதான். அதுவும் சுமார் ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆகவே இது உடலில் தேங்கும் பொருள் அல்ல. சுமை முழுவதும் ஈரலின் தலையில்.

எலிகளின் ஈரல் வேறு வழியில், 3,4-எபாக்சைடு என்ற இடைப்பொருள் வழியாக இதை உடைக்கிறது. அப்போது பிறக்கும் ஆல்டிஹைடு ஈரல் செல்களைச் சிதைக்கிறது. ஆகவே எலிச் சோதனையைக் காட்டி எல்லோரையும் மிரட்டுவது நியாயமில்லை. அதற்காக மனிதருக்கு ஒன்றும் ஆகாது என்பதும் பொய். கூமரினை மருந்தாக எடுத்தவர்களில் சிலருக்கு, ஈரல் பாதிப்பைக் காட்டும் ஈரல் நொதிகள் ரத்தத்தில் எகிறின. நிறுத்தியதும் பெரும்பாலும் இறங்கின. அமெரிக்கா 1954-லேயே உணவில் கூமரின் சேர்ப்பதைத் தடை செய்தது.

கூமரினுக்கு ஐரோப்பாவில் வகுத்த தினசரி வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். 60 கிலோ எடைக்கு 6 மில்லிகிராம், அதாவது சுமார் 2 கிராம் காசியாப் பொடி. ஒரு டீஸ்பூனே ஏறக்குறைய 2.5 கிராம்! 15 கிலோ குழந்தைக்கு அரை கிராம்தான். ஒருநாள் மீறினால் ஆபத்தில்லை, மாதக்கணக்கில் மீறுவதுதான் வினை. பிரியாணியில் போட்டு எடுத்துவிடும் துண்டுக்குப் பயப்பட வேண்டாம்.

தினமும் எடுத்தே தீருவேன் என்பவர்கள் முழுப்பட்டையாக வாங்கி வீட்டில் அரையுங்கள். காசியா தடித்த, கெட்டியான ஒற்றைப் பட்டை. கறுவா, காகிதம்போல மெல்லிய பல அடுக்குகள் சுருட்டின மாதிரி இருக்கும், கையாலேயே நொறுங்கும். பொடியாகிவிட்டால் கண்ணால் பிரிக்க முடியாது. ஈரல் கோளாறு உள்ளவர்களும், ஈரலைப் பாதிக்கக்கூடிய மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

ரத்தத்தை நீர்க்கச் செய்யும் வார்ஃபரின் என்ற மருந்தும் கூமரினும் ஒன்றென்று சிலர் எழுதுகிறார்கள். இரண்டின் மூலக்கூறும் உறவுதான், ஆனால் கூமரினுக்கு அந்தக் குணம் கிடையாது.