மழைக்கு டயர் கேட்டால் பட்டனைக் காட்டுகிறார்கள்

மழைக்காலத்தில் மலைத்தடத்தில் ஓட்டுவதற்கு மவுண்டன் பைக் எனப்படும் மலைச்சைக்கிளுக்கு டயர் வேண்டும் என்று எந்தக் கடையில் கேட்டாலும், டயரின்மேல் துருத்தி நிற்கும் ரப்பர்ப் பட்டனைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டி, "இவ்வளவு ஆழம் இருக்கிறது, எதிலும் வழுக்காது" என்று உறுதி கூறுகிறார்கள். அந்த ரப்பர் மென்மையானதா, கடினமானதா, என்ன கலவை என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் பதில் வருவதில்லை. விலைச்சீட்டிலும் அது இல்லை. இணையத்தில் விற்பவர்கள் தரும் விவரத்திலும் பெரும்பாலும் இல்லை. ஈரத்தில் ஓட்டுபவர் கீழே விழாமல் இருப்பதற்கு எந்தத் தகவல் முதன்மையானதோ அதை மட்டும் விட்டுவிட்டு, அகலம், நிறம், எடை, தள்ளுபடி என்று மற்ற எல்லாவற்றையும் சொல்லி விற்கும் இந்த வழக்கத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது.

நான் ஓட்டுவது நீலகிரியில். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர்ப் பக்கத்தை ஊறவைக்கிறது. அது ஓய்ந்த கையோடு அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை குன்னூரையும் கோத்தகிரியையும் பிடித்துக்கொள்கிறது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இறங்கும் செம்மண் தடம் களியாகக் குழைந்து கிடக்கிறது. நிழலுக்காக வளர்த்த சில்வர் ஓக் மரங்களின் வேர்கள் பட்டை தேய்ந்து, தடத்தின் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கின்றன. தைலமரத் தோப்புகளில் உதிர்ந்த இலை நனைந்து படிந்து, அடியில் இருப்பது மண்ணா கல்லா என்று தெரியாதபடி மூடிவிடுகிறது. இடையிடையே பாசி பிடித்த பாறைகளும் உண்டு.

இவை அனைத்தையும் "ஈரம்" என்ற ஒரே சொல்லில் அடக்கி, அதற்கு ஒரே டயரை நீட்டுவதில்தான் முதல் அநியாயம் தொடங்குகிறது. குழைந்த களிமண்ணுக்கு வேண்டியது உயரமான, ஒன்றுக்கொன்று நன்றாக விலகி நிற்கும் பட்டன்கள். அவை மண்ணுக்குள் குத்தி இறங்க வேண்டும், சக்கரம் சுழலும்போது இடுக்கில் சேர்ந்த சேற்றை உதறி எறியவும் வேண்டும். மேக்சிஸ் நிறுவனத்தின் ஷார்ட்டி, ஷ்வால்பே நிறுவனத்தின் டர்ட்டி டான் போன்ற டயர்கள் அதற்காகவே செய்யப்பட்டவை. ஆனால் அதே உயரமான பட்டன்கள் நனைந்த வேரின்மீது ஏறும்போது குத்தி இறங்க எதுவும் இல்லாமல், அடியோடு வளைந்து நழுவுகின்றன. வேருக்கும் பாறைக்கும் பட்டனின் ஆழம் ஒரு பொருட்டே அல்ல. அங்கே பிடிப்பைத் தருவது ரப்பரின் மென்மைதான்.

மென்மையான ரப்பர் அழுத்தப்பட்டவுடன் துள்ளி மீளாமல், மெதுவாகத் தன் வடிவத்துக்குத் திரும்புகிறது. அந்தத் தாமதத்தில்தான் அது பாறையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் புகுந்து பற்றிக்கொள்கிறது. கடினமான ரப்பர், எவ்வளவு ஆழமான பட்டனாக வார்க்கப்பட்டிருந்தாலும், பாசி படிந்த குளத்துப் படியில் பிளாஸ்டிக் செருப்போடு இறங்குகிறவரின் கால்போல வழுக்கிக்கொண்டு போகும். போதாக்குறைக்கு, குளிரில் ரப்பர் மேலும் இறுகும். உதகை 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஜூலை மாத மழைநாளின் காலைக் குளிரில் அங்கே ஓடும் டயரைச் சமவெளியின் வெயிலில் ஓட்டிப் பார்த்த அனுபவத்தை வைத்துப் பரிந்துரைப்பதை எப்படி ஏற்றுக்கொள்வது?

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, தயாரிப்பவர்களும் இதைத் தெளிவாகச் சொல்வதில்லை. ரப்பரின் கடினத்தை ஷோர் ஏ என்ற அளவுகோலால் அளக்கலாம். எண் குறையக் குறைய ரப்பர் மென்மையாக இருக்கும். ஒரு காலத்தில் மேக்சிஸ் டயர்களில் 60ஏ, 42ஏ என்று அந்த எண்ணையே அச்சிட்டிருந்தார்கள், வாங்குபவருக்கு அது போதுமானதாக இருந்தது. இப்போது அந்த எண்ணுக்குப் பதிலாகக் கலவைகளுக்கு மேக்ஸ்டெர்ரா, மேக்ஸ்கிரிப் என்று பெயர்கள் வந்துவிட்டன. மினியன் டிஎச்எஃப் என்ற ஒரே டயர், ஒரே பட்டன் அமைப்போடு, இரண்டு ரப்பர்கள் சேர்ந்த இரட்டைக் கலவையிலும் மேக்ஸ்டெர்ராவிலும் மேக்ஸ்கிரிப்பிலும் கிடைக்கிறது. நனைந்த வேரின்மீது இவை வெவ்வேறு டயர்களாகவே நடந்துகொள்கின்றன. படத்தில் பார்த்தால் வேறுபாடே தெரியாது. ஷ்வால்பே நிறுவனம் 2017இல் கொண்டுவந்த அடிக்ஸ் கலவைகளுக்கு வண்ணக் கோடுகளைத் தந்தது: சிவப்பு வேகத்துக்கு, நீலம் அதற்கு அடுத்தது, ஆரஞ்சு மென்மை, ஊதா மிக மென்மை. அது நல்ல ஏற்பாடு, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் புதிய சைக்கிளோடு பூட்டி வரும் டயர்களிலோ பல நேரங்களில் அதே புகழ்பெற்ற பெயர் இருக்கும், அந்தப் பெயருக்குப் புகழ் தேடித்தந்த ரப்பர் இருக்காது. மலிவான கலவையில் வார்த்த அந்த டயரை நம்பி ஒருவர் மழையில் இறங்குகிறார் என்பதைப் பற்றி யாருக்குக் கவலை?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 நவம்பர் முதல் கார் டயர்களுக்கு ஈரச் சாலைப் பிடிப்பின் தரத்தை ஒட்டுச்சீட்டில் காட்டுவது கட்டாயம். நான்கு சக்கரத்தில், இரும்புக் கூட்டுக்குள் அமர்ந்து செல்பவருக்கு அந்தத் தகவல் அவசியம் என்று கருதியவர்கள், இரண்டு சக்கரத்தில் வெறும் உடம்போடு செல்பவரை அந்தச் சட்டத்தில் சேர்க்கவில்லை. இங்கேயும் சைக்கிள் டயருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

சரி, மென்மையான ரப்பர் சீக்கிரம் தேய்கிறது, உருட்டவும் கனமாக இருக்கிறது, விலையோ பல ஆயிரம் என்கிறார்கள். அத்தனையும் உண்மை. அதனால்தான் அதை முன்சக்கரத்துக்கு மட்டும் போட்டு, பின்னால் சற்றுக் கடினமான கலவையைப் போடுவது வழக்கம். பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் சுதாரிக்க நேரமே கிடைப்பதில்லை. இந்த எளிய ஏற்பாட்டுக்குக்கூட, ஜோடியாகத்தான் தருவோம் என்று ஒரே டயரில் இரண்டை எடுத்து மேசைமீது வைக்கிறார்கள். இன்னும் 26 அங்குலச் சக்கரத்தோடு, அதாவது 559 மில்லிமீட்டர் ரிம்மோடு, ஓட்டுபவர்களின் நிலை இதைவிடப் பரிதாபம். மென்மையான கலவைகள் பெரும்பாலும் 27.5, 29 அங்குலச் சக்கரங்களின் 584, 622 மில்லிமீட்டர் ரிம்களுக்கே வருகின்றன. அகலமான டயரைத் திணித்தாலோ, ஃபிரேமுக்கும் டயருக்கும் இடையே செம்மண் அடைத்துக்கொண்டு சக்கரமே நின்றுவிடுகிறது.

நல்ல டயரைத் தேடிப்பிடித்து மாட்டச் சொன்ன பிறகும் கொடுமை ஓய்வதில்லை. பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் உச்சபட்சக் காற்றழுத்தத்தைப் பார்த்து, அதுவரை அடித்து, கல்போல் இறுக்கிக் கையில் தருகிறார்கள். அந்த எண் தாண்டக்கூடாத வரம்பு. அதை ஓட்டவேண்டிய அளவாக எடுத்துக்கொள்வது தவறு. ட்யூப் இல்லாமல், ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம் ஊற்றிய 2.4 அங்குல டயரில், நடுத்தர எடையுள்ள ஒருவர் ஈரத் தடத்தில் 20 முதல் 25 பிஎஸ்ஐ வரை வைத்து ஓட்டுவது வழக்கம். 50 பிஎஸ்ஐ அடித்தால், விலை கொடுத்து வாங்கிய மென்மை முழுவதும் வீண். டயர் வேரின்மேல் படியாமல் பந்துபோல் எழும்பும். இதைச் சொல்லிக் குறைக்கச் சொன்னால், காற்று இல்லாமல் ஓட்டினால் ரிம் போய்விடும் என்று நம்மை அறியாதவர்களாக நடத்துகிறார்கள். ட்யூப் போட்டிருந்தால், அது ரிம்மில் நசுங்கி ஓட்டையாகும் என்ற அச்சம் நியாயமே, அப்போது சற்றுக் கூடுதலாக வைக்கலாம். ஆனால் ட்யூப் இருக்கிறதா, ஓட்டுபவரின் எடை என்ன, எங்கே ஓட்டுகிறார் என்று அவர்கள் கேட்பதே இல்லையே!

கடைசியாக, டயரின் வயது. கார் டயரின் பக்கச்சுவரில் எந்த ஆண்டின் எந்த வாரத்தில் செய்தது என்று நான்கு இலக்கங்களில் இருக்கும். சைக்கிள் டயர்களில் அப்படி வாங்குபவர் படித்தறியக்கூடிய தேதி பெரும்பாலும் இருப்பதில்லை. ரப்பர் வெயிலிலும் காற்றிலும் வைத்தபடியே இறுகிப்போகும் பொருள் என்பதால், கடை வாசலில் தொங்கிக்கொண்டே கிடந்த ஒரு மென்மையான டயர், பட்டன் துளியும் தேயாமலே தன் குணத்தை இழந்திருக்கலாம். அதையும் அதே விலைக்குத்தான் விற்கிறார்கள், அதையும் கட்டைவிரலால் அழுத்தித்தான் காட்டுகிறார்கள். கடினத்துக்கு ஓர் எண்ணும், தேதிக்கு நான்கு இலக்கமும் அச்சிட ஓர் அங்குல இடம் போதும். நிறுவனத்தின் பெயரை ஒரு சாண் நீளத்துக்கு அச்சிடும் அதே பக்கச்சுவரில் அந்த இடம் தாராளமாக இருக்கிறது. இந்த இரண்டையும் சொல்ல முடியாத கடையில் நான் முன்சக்கரத்துக்கு டயர் வாங்குவதில்லை. ஏன் வாங்கவில்லை என்பதையும் அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் வெளியே வருகிறேன்.