நெப்போலியன் தோற்றதற்கு எட்டு மாடி, நம்ம ஊர்ப் பையனுக்கு ஒரு ஃப்ளெக்ஸ்

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடலோரத்தில் மனோரா நிற்கிறது. டெல்டாவில் பள்ளிக்கூடம் படித்தவர்களில் பாதிப் பேர் சுற்றுலா என்று அங்கே போய்ப் புளிசாதம் சாப்பிட்டிருப்போம். ஐரோப்பாவில் ஆங்கிலேயர்கள் நெப்போலியனை வீழ்த்தியதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி மன்னர் 1814-15 வாக்கில் கட்டிய எட்டடுக்குக் கோபுரம் அது. நெப்போலியனுக்கும் சேதுபாவாசத்திரத்துக்கும் என்ன வாய்க்கால் வரப்புத் தகராறோ, தெரியாது. போர் நினைவுச்சின்னம் என்று நம் பக்கத்தில் கைகாட்டக்கூடிய பெரிய கட்டடம் அதுதான்.

சரி, இந்த மண்ணிலிருந்து பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயரை ஊர்வாரியாக எங்கே பார்க்கலாம்? எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற மிலிட்டரிக்காரர்கள் எல்லாரிடமும் கேட்டுவிட்டேன். "டெல்லிக்குப் போனா பார்க்கலாம் சார்" என்கிறார்கள். 2019இல் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில் இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அது நாட்டின் கணக்கு. சுதந்திரத்துக்கு முன்னால் போனவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு பாட்டி டெல்லிக்குப் போய்க் கல்லைத் தடவிப் பார்க்கவா முடியும்?

இறந்தவர்களுக்காவது உடல் வரும், குண்டு முழங்கும், கலெக்டர் மாலை வைப்பார். காணாமல் போனவர்கள் கதைதான் மோசம். 1962 சீனச் சண்டையில் இந்தியத் தரப்பில் இறந்தவர்கள் 1,383 பேர், காணாமல் போனவர்கள் 1,696 பேர் என்பது அரசுக் கணக்கு. செத்தவர்களைவிடத் தொலைந்தவர்கள் அதிகம்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் தெருவில் 'பட்டாளத்தார் வீடு' என்று ஒன்று உண்டு. அந்தப் பட்டாளத்தாரை நான் பார்த்ததே இல்லை. அவர் அந்த 1962இல் நேஃபா (இன்றைய அருணாச்சலப் பிரதேசம்) பக்கம் போனவர். தந்தி வந்தது, ஆள் வரவில்லை. அவர் மனைவியை நாங்கள் எல்லாரும் அப்பாயி என்றுதான் கூப்பிடுவோம். பென்ஷன் தாளில் கைம்பெண் என்று எழுதியிருந்த இடத்தில் ரேகை வைத்தார், தாலியைக் கழற்றவில்லை. ஊர்ப் பெரியவர்கள் பேசிப் பார்த்தார்கள். "செத்துட்டாருன்னு எவனாவது கண்ணால பாத்துட்டு வந்து சொன்னானா?" என்று ஒரே கேள்வி. ஏழு வருடம் தகவல் இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டம். அந்தச் சட்டம் எங்கள் தெருவுக்குள் நுழையவில்லை. தேதி தெரியாததால் திதியும் கிடையாது. அவர் மகன் மட்டும் ஆடி அமாவாசைக்கு வேதாரண்யம் கடலுக்குப் போய் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வருவார். வீட்டில் கேட்டால் கோயிலுக்குப் போனேன் என்பார். அப்பாயிக்குத் தெரியாமல் இருந்திருக்குமா என்ன? அவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

டெல்டாவில் பட்டாளத்துக்குப் போவதென்பது பெரும்பாலும் தேசபக்தியில் தொடங்குவதில்லை. மேட்டூர் திறக்காத வருடம், அடகு வைத்த நிலம், கல்யாணத்துக்கு நிற்கும் அக்கா. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் பயிற்சிக்குப் போன பையன் முதல் மணியார்டரில் வீட்டுக் கூரையை மாற்றுவான். தேசபக்தி பிறகு வரும், வந்தால் உறுதியாகவே வரும். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. கூரை மாற்றப் போனவன் செத்தால் தியாகம் குறைந்துவிடுமா?

நமக்குச் சங்கடம் தரும் போர்கள் இருப்பதும் பட்டியல் இல்லாததற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். முதல் உலகப்போரில் மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்குக்குப் போனவர்கள் வெள்ளைக்காரன் கூலிப்படை என்று ஒதுக்கிவிட்டோம். அந்த வெள்ளைக்காரனோ பாஸ்ரா நினைவுச்சுவரில் இந்திய அதிகாரிகளின் பெயரை மட்டும் வெட்டிவிட்டுச் சிப்பாய்களை எண்ணிக்கையாக எழுதி முடித்துக்கொண்டான். நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா தோட்டங்களுக்குப் போனவர்கள், அவர்கள் பிள்ளைகள் என்று எத்தனையோ பேர் நேதாஜி படையில் சேர்ந்தார்கள். திரும்பி வந்தவர் தியாகி பென்ஷன் வாங்கினார், பெயர் கோப்பில் ஏறியது. பர்மாக் காட்டில் விழுந்தவருக்குச் சான்று கொடுக்க யார் இருந்தார்கள்?

அப்புறம் 1987. இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை. இதைப் பற்றி எழுதினால் இரண்டு பக்கமும் அடி விழும், பரவாயில்லை. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளையும் டாக்டர்களையும் அந்தப் படை சுட்டுக் கொன்றதை நான் மறக்கச் சொல்லமாட்டேன். 1990 மார்ச்சில் படை சென்னைக்குத் திரும்பியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்த முடிவில் இருந்த நியாயம் எனக்கு இன்றும் புரிகிறது. ஈழப் போரில் செத்த தமிழர்களின் நினைவாகத் தஞ்சை விளாரில் முள்ளிவாய்க்கால் முற்றம் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் படையில் செத்த ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் தமிழ்ப் பையன்களும் உண்டு. சண்டையை முடிவு செய்தது அவர்கள் இல்லை. அவர்கள் அம்மாக்கள் ஊரில் வாய்விட்டு அழக்கூட யோசித்தார்கள். பெயரை எழுதி வைப்பது வேறு, போரை நியாயப்படுத்துவது வேறு.

திருச்சிக்காரர் மேஜர் சரவணன் பெயர் நமக்குத் தெரியும். கார்கில் போர், 1999 மே 29, பட்டாலிக், வீர் சக்ரா விருது. உடலை எடுக்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, அதுவரை அந்தக் குடும்பம் என்ன பாடுபட்டிருக்கும்! 2015 ஜூன் 8 இரவு காரைக்கால் கடல் பக்கம் தொடர்பு அறுந்த கடலோரக் காவல்படை டோர்னியர் விமானம் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? மூன்று பேர். ஒரு மாதம் போலத் தேடி, பிச்சாவரத்துக்கு எதிரே ஆயிரம் மீட்டருக்கு நெருங்கிய ஆழத்தில் கண்டுபிடித்தார்கள். அவர்கள் நம் ஊர்க்காரர்கள் இல்லைதான். நம் மீனவர்கள் வலை போடும் கடலைக் காவல் காத்தவர்கள். அந்தக் கரையில் அவர்களுக்கென்று ஒரு பலகையை நான் பார்த்ததில்லை.

ஜனவரி 26, ஆகஸ்ட் 15 வந்தால் 'வீரவணக்கம்' ஃப்ளெக்ஸ் முளைக்கிறது. வைத்தவரின் முகம் பெரிதாக இருக்கும். வீரரின் பெயர் இருக்காது, கூகுளில் எடுத்த ஏதோ ஒரு வெளிநாட்டுச் சிப்பாயின் நிழல் இருக்கும்.

எங்கள் ஊராட்சிக்கு மனு எழுதியிருக்கிறேன். அடுத்த கிராம சபையில் தீர்மானம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். சிலை வேண்டாம், வளைவு வேண்டாம். தொடக்கப்பள்ளிச் சுவரில் ஒரு கல். எந்தப் போர், எந்தப் படை என்ற பாகுபாடு வேண்டாம். பெயர், அப்பா பெயர், தெரு. காணாமல் போனவர் என்றால் அப்படியே எழுதுங்கள், இறந்தார் என்று நாம் முடிவு கட்ட வேண்டாம்.

இதைப் படிக்கும் டெல்டாக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊர்ப் பட்டாளத்தார் வீட்டுப் பரணில் கறுப்பு டிரங்குப் பெட்டி கிடக்கும். மூடியில் வெள்ளைப் பெயின்டில் நம்பரும் பெயரும் எழுதியிருக்கும். அதைப் போட்டோ எடுத்து வையுங்கள். படையின் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுத அந்த நம்பர்தான் வேண்டும். பழைய பேரீச்சம்பழக்காரனுக்குப் பெட்டியைப் போடுவதற்குள் செய்யுங்கள்.