லிஃப்ட் ஓடாத நாளில் எந்த வழியாகப் போவது?

அந்தப் புதுப் பிரசவக் கட்டடத்தின் படத்துக்குக் கீழே நான் எழுதியதை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். "முகப்புக் கண்ணாடி அழகு, ஆனால் லேபர் வார்டை ஏன் இரண்டாம் மாடிக்கு ஏற்றினீர்கள்?" ஒரே ஒரு கேள்வி. அதற்கு நேற்றிரவு முதல் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். "நல்லது நடந்தா உனக்குப் பொறுக்காதா?" என்கிறார் ஓர் அண்ணன். தர்மபுரிக்காரர்தான், எனக்குத் தெரிந்தவர்தான். அதுதான் குத்துகிறது.

பல வருடங்களுக்கு முன் அக்காவை 108இல் கூட்டிப்போனோம். ஊர் பெயரும் மருத்துவமனை பெயரும் வேண்டாம். வாசலில் இறங்கும்போதே பனிக்குடம் உடைந்துவிட்டது. லிஃப்டில் 'பழுது' அட்டை. சாய்தளம் கட்டடத்தின் பின்பக்கம், அதன் கதவில் பூட்டு. சாவிக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். அக்கா முப்பத்திரண்டு படி ஏறினாள். நாலு படிக்கு ஒருமுறை நின்றதால் எண்ண முடிந்தது.

மேலே இருந்த சிஸ்டர் தங்கமானவர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் மேசைக்கும் மூலைக் கட்டிலுக்கும் நடுவில் ஒரு பெரிய தூண். பிள்ளை பிறந்தபின் அக்காவுக்கு ரத்தம் நிற்காமல் போனதைப் பக்கத்துக் கட்டில்காரிதான் பார்த்துக் கத்தினாள். உலகத்தில் பிரசவத்தில் சாகும் பெண்களில் அதிகம் பேரைக் கொல்வது இந்த ரத்தப்போக்குதான். கட்டுப்படுத்தாவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உயிர் போய்விடலாம். 2020இல் மட்டும் சுமார் 2,87,000 பெண்கள் பிரசவத்தை ஒட்டி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. பெரும்பாலும் ஏழை நாடுகளில். அக்கா பிழைத்தாள். தூண் இன்னும் இருக்கிறது.

"முதலில் டாக்டர் வரட்டும், அப்புறம் டிசைன்" என்கிறீர்கள். சரி, நியாயம். டாக்டர் இல்லாத கட்டடம் வெறும் கூடுதான். ஆனால் இருக்கும் நாலு பேரும் ஆபரேஷன் தியேட்டருக்கும் வார்டுக்கும் மாடி ஏறி இறங்கியே களைத்தால் அது யார் குற்றம்? ஆள் குறைவாக இருக்கும் இடத்தில்தான் கட்டடம் கூடுதலாக உழைக்க வேண்டும். 2017இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த லக்ஷயா திட்டமே பிரசவ அறையைச் சீர்செய்வதற்கென்று வந்ததுதானே? நானா கண்டுபிடித்தேன்?

"நீ என்ன இன்ஜினியரா?" இல்லை. முப்பத்திரண்டு படி எண்ணியவள்.

பிறகு நான் ஆப்பிரிக்க உதாரணம் காட்டியதற்கு, "ஆப்பிரிக்காவோடு நம்மை ஒப்பிடலாமா?" என்றும் ஒருவர். ஏன், கௌரவம் குறைந்துவிடுமா? மலாவியின் கசுங்குவில் நாள் நெருங்கிய கர்ப்பிணிகள் முன்கூட்டியே வந்து தங்க, மாஸ் டிசைன் என்ற கட்டடக் கலைஞர் குழு 2015இல் ஒரு சின்ன கிராமமே கட்டியது. ஒரே நீளக் கொட்டகையில் எல்லோரையும் அடைக்காமல், முற்றத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன வீடுகள். துணைக்கு வருகிறவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. ருவாண்டாவின் புட்டாரோவில் அதே குழு 2011இல் கட்டிய மருத்துவமனையில் கட்டில்கள் ஜன்னலைப் பார்த்திருக்கும், நடைபாதைகள் வெளிப்பக்கம், அதனால் கிருமி உள்ளே தேங்குவது குறையும். உள்ளூர் எரிமலைக் கல்லில் கட்டியது. நம்மிடம் கல்லுக்கா பஞ்சம்? கிருஷ்ணகிரி கிரானைட் கப்பல் ஏறிப் போகிறது. நம் பக்கம் சித்தேரி மலையிலிருந்தும் அஞ்செட்டி மலைப் பக்கத்திலிருந்தும் வரும் கர்ப்பிணிகள், முன்கூட்டியே வந்து தங்காமல், வலி எடுத்தபின் புறப்பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததா?

"இலவசமா வைத்தியம் பார்க்கறாங்க, அதுல குறையா?" இதற்குப் பதில் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். இலவசம் என்றால், அக்காவுக்குத் துணைக்கு இருந்த அம்மா மூன்று ராத்திரி மாடிப்படிக்குக் கீழே, ஒயர்கூடையைத் தலைக்கு வைத்துப் படுக்கலாமா? துணைக்கு வந்த பெண்களுக்கு ஒரு கழிப்பறைகூட இல்லை. ராத்திரி போக வேண்டியிருக்குமே என்று அம்மா சாயங்காலத்திலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை, போன வருடம்தான் என்னிடம் சொன்னார்.

அந்த அண்ணனுக்கு ஒன்று சொல்கிறேன். திறப்பு விழாவுக்கு நானும் வருவேன். கல்வெட்டுக்குப் பக்கத்தில் நின்று நீங்கள் படம் எடுத்துக்கொள்ளுங்கள், நான் பின்பக்கம் போய் சாய்தளக் கதவைத் தள்ளிப் பார்க்கிறேன்.