அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது

2-இன் அடுக்கில் எந்தப் பகா எண்ணை வைத்து 1 கழித்தாலும் பகா எண்தான் கிடைக்கும், 2024-இல் கண்டுபிடித்த 4 கோடி இலக்க எண்ணும் அப்படி வந்ததுதான் என்று மேலே ஒரு கருத்து இருக்கிறது. அது சரியில்லைங்க.

அடுக்கில் 11-ஐ வைத்துப் பாருங்கள். 2048-இல் 1 போனால் 2047. அதை 23-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 89 வரும், தாளில் போட்டாலே தெரிந்துவிடும். 2, 3, 5, 7 நான்குக்கும் 3, 7, 31, 127 என்று பகா எண்களே வருவதால் நம்பிவிடத் தோன்றும். இப்படிப் பகா எண் தரும் அடுக்குகளைப் பட்டியலிட்ட 17-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு அறிஞர் மெர்சென்னேகூட, 67-ஐ அதில் தவறாகச் சேர்த்துவிட்டார்!

மறுதிசைதான் உண்மை: விடை பகா எண் என்றால் அடுக்கும் பகா எண்ணாகத்தான் இருக்கும். அதனால் பகா அடுக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அப்புறம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்கிறார்கள். 2024-இல் தேறிய அடுக்கு 13,62,79,841.