கத்தியைத் திட்டுவதற்கு முன் அதன் வாயைப் பாருங்கள்

மடக்குச் சவரக் கத்தியால் முகத்தை வெட்டிக்கொண்டு, கத்தியையே பழிக்கிறாரே ஒரு தம்பி, அந்த வீடியோதான். இரண்டு நாளாக எல்லார் சுவரிலும் அதுதான் ஓடுகிறது. நானும் சும்மா கடந்து போய்விடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஐந்து பேர் என்னை டேக் செய்து, "இதுக்கு என்ன சொல்றீங்க அண்ணா?" என்று கேட்டு, பக்கத்திலேயே சிரிப்பு பொம்மையும் போட்டால் எப்படி?

சொல்கிறேன். அந்தக் கத்தி தீட்டப்படவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

தம்பி பெட்டியைப் பிரிக்கிறார், மடக்குக் கத்தியைத் திறக்கிறார், நேரே கன்னத்தில் வைக்கிறார். இழுக்கும்போது வரும் அந்தக் 'கரகர' சத்தத்தைக் கேட்டீர்களா? நல்ல வாய், அதாவது அறுக்கும் கூர் விளிம்பு, உள்ள கத்தி நனைந்த தாடியில் போகும்போது மெல்லிய ஒரு சத்தம்தான் வரும். இங்கே முடி அறுபடவே இல்லை, பிடுங்கப்படுகிறது. பிடுங்கினால் வலிக்கும். வலித்தால் கை தானாக அழுத்தும். அழுத்தினால் தோல் கிழியும். மோவாயில் ரத்தம் வந்ததும் கேமராவைப் பார்த்து, "இதெல்லாம் மியூசியத்துல வைக்க வேண்டிய சாமான், நம்ம தாத்தாக்கள் பாவம்" என்கிறார். தாத்தாக்கள் பாவம் இல்லை தம்பி. அவர்கள் யாரும் தீட்டாத கத்தியை முகத்தில் வைத்ததில்லை.

புதுக் கத்தி என்றால் கூராகத்தான் இருக்கும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. பெட்டியிலிருந்து வரும் கத்திகளில் பல, சவரம் செய்யும் அளவுக்குத் தீட்டப்பட்டு வருவதில்லை. ஜெர்மனியில் கத்திக்குப் பேர்போன ஸோலிங்கன் ஊர்ப் பெயரைப் பொறித்துக்கொள்ள அந்த நாட்டில் சட்டமே உண்டு, 1938-லிருந்து. அந்தப் பெயர் போட்ட கத்தியாக இருந்தாலும் முதல் நாள் சோதித்துவிட்டுத்தான் கன்னத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஆன்லைனில் சோப்பு, பிரஷ், பையோடு மலிவாக விற்கும் செட்டுகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். அவற்றில் பலவற்றின் இரும்பு பதமே பிடிக்காது. நாள் முழுக்கத் தீட்டினாலும் ஒரு சவரத்தில் வாய் போய்விடும்.

சோதிப்பது எப்படி? கட்டைவிரலை வைத்துத் தடவிப் பார்க்காதீர்கள். விரலும் போகும், வாயும் கெடும். முன்கை ரோமத்துக்கு மேல், தோலில் படாமல் அரை சென்டிமீட்டர் உயரத்தில் கத்தியை ஓட்டுங்கள். ரோம நுனிகள் தாமாக விழ வேண்டும். அடியிலிருந்து முனை வரை வாயின் எல்லா இடத்திலும் விழ வேண்டும். நடுவில் மட்டும் அறுத்து இரண்டு பக்கமும் அறுக்கவில்லை என்றால், அது சவரத்துக்கு ஆகாத கத்தி. இந்தப் பத்து விநாடி வேலையை வீடியோவில் காணோம். பின்னணி இசைக்கு எவ்வளவு நேரம் செலவழித்தார்களோ.

தீட்டுவதும் மந்திரம் இல்லை. சமையல் கத்திக்குக் கோணத்தைக் கை பழக வேண்டும். சவரக் கத்திக்கு அதுகூடத் தேவையில்லை. முதுகையும் வாயையும் சேர்த்துக் கல்லில் படுக்கவைத்தால் கோணம் தானாக அமையும். முதுகின் தடிமனே அதற்காகத்தான். 1000 நம்பர் கல்லில் தொடங்கி, 4000, 8000, முடிந்தால் 12000. நம்பர் ஏற ஏறக் கல் நைசாகும். கல் சமமாக இருக்க வேண்டும், குழி விழுந்த கல் வாயை வளைத்துவிடும். கல்லில் வாய் முன்னால் போகும். கத்தியின் எடை போதும், அழுத்தம் வேண்டாம். தோற்பவர்கள் எல்லாரும் 1000-த்தில்தான் தோற்கிறார்கள். அங்கே இரண்டு பக்கச் சரிவும் வாய் முழுக்க ஒரே கோட்டில் சந்திக்காமல் 8000-க்கு ஓடினால், கண்ணாடி மாதிரி பளபளக்கும் மழுங்கல் கத்திதான் கிடைக்கும். வாய் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு இரண்டு முறை கல்லில் இழுங்கள். மை எங்கே அழியவில்லையோ அங்கே கல் படவில்லை. பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். தெருவில் சக்கரம் சுற்றி அரிவாள்மனை, கத்தரிக்கோல் சாணை பிடிக்க வருவாரே, அவரிடம் சவரக் கத்தியைக் கொடுத்துவிடாதீர்கள். அவர் தொழிலில் அவர் கெட்டிக்காரர், குறை அவரிடம் இல்லை. ஆனால் இந்தக் கத்தியின் வாய்ப்பகுதி காகிதம் மாதிரி மெல்லிசு. சக்கரத்தின் சூட்டில் பதம் இறங்கிவிடும். அப்புறம் எந்தக் கல்லும் காப்பாற்றாது.

அடுத்தது தோல் வார், சவரத்துக்கு முன் கத்தியை இழுத்து வாயைச் சீராக்கும் பட்டை. நன்றாகத் தீட்டி வந்த கத்தியைக்கூட முதல் வாரத்திலேயே கெடுப்பது இதைத் தப்பாகப் பிடிப்பதுதான். வாரில் கல்லுக்கு நேர் எதிர்: முதுகு முன்னால், வாய் பின்னால். கடைசிவரை போனதும் கத்தியைத் தோலிலிருந்து தூக்காமல், முதுகின் மேலேயே உருட்டித் திருப்ப வேண்டும். வாய்ப் பக்கமாகத் திருப்பினால் தோலும் கிழியும், வாயும் மடங்கும். வாரைத் தொய்வில்லாமல் இழுத்துப் பிடியுங்கள், தொய்ந்தால் வாய் உருண்டுபோகும். ஒவ்வொரு சவரத்துக்கு முன்பும் துணிப் பக்கத்தில் ஒரு இருபது, தோல் பக்கத்தில் ஐம்பது அறுபது. வேகம் வேண்டாம். வேகம் சினிமாவில் காட்டுவதற்கு. முதல் இரண்டு வாரம் வெண்ணெய் தடவும் மழுங்கல் கத்தியை வைத்து அந்தத் திருப்பலை மட்டும் பழகுங்கள். சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்துக்கொண்டே பழகுங்கள்.

"இரும்பை விட முடி மிருதுதானே, கத்தி எப்படி மழுங்கும்?" என்று ஒருவர் கமெண்டில் பெரிய அறிவாளியாகக் கேட்டிருந்தார். நல்ல கேள்விதான், கேட்ட தொனிதான் சரியில்லை. 2020-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' இதழில் இதற்குப் பதில் எழுதினார்கள். பிளேடு இரும்பை விட ஐம்பது மடங்கு மிருதுவான முடி, வாயில் ஏற்கெனவே இருக்கும் நுண்ணிய குறையில் சாய்வாக மோதும்போது இரும்பையே சில்லு சில்லாகப் பெயர்க்கிறது. அவர்கள் பார்த்தது சாதாரண ஷேவிங் பிளேடு. அதற்கே அந்தக் கதி என்றால், தூக்கிப் போடாமல் வருஷக்கணக்காக வைத்துக்கொள்ளும் கத்திக்குத் தோல் வார் எதற்கு என்று கேட்கலாமா?

சரி, கத்தி தயார். இனி கை.

அதற்கும் முன்னால் ஃபேனை நிறுத்துங்கள். அந்த வீடியோவில் முடி பறக்கிற மாதிரி ஃபேன் ஓடுகிறது, நுரை காய்ந்து வெள்ளைப் பொருக்காக நிற்கிறது. காய்ந்த நுரையும் நுரை இல்லாததும் ஒன்றுதான். வெந்நீரில் முகத்தை இரண்டு மூன்று நிமிஷம் நனைத்தால் முடி இளகும். உங்கள் வீட்டில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காமல் திரிந்து போகும். அரை டம்ளர் குடிதண்ணீரை இதற்கென்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "எனக்கு நுரையே வரல, பிரஷ் சரியில்ல" என்று வருபவர்களில் பாதிப்பேருக்குத் தண்ணீர்தான் பிரச்சினை.

முதல் வாரம் கன்னம் மட்டும். இரண்டு கன்னம், மேலிருந்து கீழ், முடி வளரும் போக்கிலேயே. மீதி முகத்தை வழக்கமான ரேசரில் முடித்துக்கொள்ளுங்கள், யாரும் மார்க் போடப் போவதில்லை. மூன்று விரல் கத்தியின் கழுத்தின் மேல், அதாவது வாய்ப்பகுதிக்கும் பிடிக்கும் நடுவே உள்ள தண்டின் மேல், கட்டைவிரல் அதன் அடியில், சுண்டுவிரல் பின்னால் நீளும் வாலில். கத்தியின் முதுகுக்கும் கன்னத்துக்கும் நடுவே முதுகின் தடிமனைப் போல இரண்டு மடங்கு இடைவெளி. ஏறக்குறைய 30 டிகிரி வரும். அதற்கு மேல் நிமிர்த்தினால் சுரண்டும், மறுநாள் எரியும். மிகவும் படுக்கவைத்தால் முடியைப் பிடித்து இழுக்கும். இன்னொரு கையால் தோலை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். உண்மையில் வேலையில் பாதி அந்தக் கைக்குத்தான். வாயின் நீளப் போக்கில், பக்கவாட்டில் மட்டும் நகர்த்திவிடாதீர்கள். வெட்டு விழுவதெல்லாம் அப்படித்தான்.

இரண்டாம் வாரம் கழுத்து. அங்கே முடி கீழ்நோக்கித்தான் வளரும் என்று நம்பாதீர்கள். பலருக்குக் காதுப் பக்கம் சாயும், சிலருக்கு மேல்நோக்கி வளரும். இரண்டு நாள் தாடியில் விரலை ஓட்டி, எந்தப் பக்கம் வழுக்குகிறது, எந்தப் பக்கம் குத்துகிறது என்று பாருங்கள். மோவாயும் மேலுதடும் கடைசியில். அந்தத் தம்பி எங்கே தொடங்கினார் என்று நினைவிருக்கிறதா? கன்னத்தில் ஒரே இழுப்பு, அடுத்து நேரே மோவாய்! நீச்சல் தெரியாதவன் கிணற்றின் ஆழத்தைக் குறை சொல்வது போல இருக்கிறது. எதிர்ப்போக்குச் சவரம் முதல் மாதத்தில் வேண்டவே வேண்டாம். மொழுமொழுவென்று இருக்காது. இருக்க வேண்டாம்.

இப்போது வரப்போகிற பதில்கள் எனக்குத் தெரியும்.

"ஐந்து ரூபாய்க்கு பிளேடு கிடைக்குதே?" கிடைக்கிறது. போடுங்கள். யார் தடுத்தது? ஜில்லெட்டின் பிளேடு ரேசருக்கு 1904-ல் காப்புரிமை கிடைத்து, முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவமே சிப்பாய்களுக்கு அதைக் கொடுத்ததிலிருந்து உலகம் அப்படித்தான் சவரம் செய்கிறது. பிளேடு மோசம் என்று நான் எங்கே சொன்னேன்? தீட்டாத கத்தியை வைத்துக்கொண்டு கத்தி மோசம் என்று சொல்லாதீர்கள் என்கிறேன்.

"செலவு அதிகம்." ஒத்துக்கொள்கிறேன். கல்லுகளின் விலை கத்தியின் விலையைத் தாண்டும். அதனால் முதலில் கல் வாங்காதீர்கள், தீட்டத் தெரிந்தவரிடம் கொடுத்து வாங்குங்கள். ஒழுங்காக வார் பிடித்தால் சில மாதம் கல்லே தேவைப்படாது.

"ஆபத்து." ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள், முகத்தில் பெரிய பருக்கள் உள்ளவர்கள் இதைத் தொட வேண்டாம். மற்றவர்கள் படிகாரக் கல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இதெல்லாம் பணக்காரப் பசங்க பந்தா." சரிங்க ஐயா. நம்மூர் சலூனில் நாற்காலிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய தோல் வாரும் பணக்கார பந்தாதானா? 1986-ல் சென்னையில் முதன்முதலில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டு, அந்தப் பயம் ஊரெங்கும் பரவிய பிறகு, "புது பிளேடு போட்டீங்களா?" என்று கேட்கச் சொல்லிப் பிரசாரம் நடந்தது. சலூன்கள் பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகும் கத்திக்கு மாறின. மாறியது சரி. பலர் முகத்துக்கு ஒரே கத்தி ஓடுவதை இன்று நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் அதுவரை ஊரில் ஒவ்வொரு ஆணின் கழுத்தும் அந்தக் கத்தியின் கீழ்தான் சாய்ந்து கிடந்தது. தூங்கக்கூடச் செய்தார்கள்.

அந்த வீடியோவுக்குக் கீழே அதிக லைக் வாங்கிய கமெண்ட் எது தெரியுமா? "சிரைக்கிற வேலைக்கு எதுக்குடா இவ்ளோ பில்டப்." ஆயிரக்கணக்கில் சிரிப்பு. "என்ன சிரைச்சிட்டு இருந்தியா" என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம்? எதையும் உருப்படியாகச் செய்யாதவனைத் திட்ட நாம் தேர்ந்தெடுத்த சொல், ஒரு தொழிலின் பெயர். அந்தத் தொழிலைச் செய்தது மருத்துவர் என்று பெயர் உள்ள சமூகம், கட்டியை அறுத்தவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகளாகப் பிள்ளை எடுத்தவர்கள். அந்தக் கையைப் பார்த்து "சிரைக்கிற வேலை". பழைய சலூன் பெரியவர் ஒருவர் வார் பிடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் தெரியும்: திருப்பும்போது மணிக்கட்டு அசையாது, விரல்கள் மட்டும் உருளும். இரண்டு பக்கமும் ஒரே சத்தம். சத்தம் மாறினால் நிறுத்திவிட்டுக் கத்தியை வெளிச்சத்தில் பார்ப்பார். காதால் கூர் பார்க்கிற மனிதர். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தம்பிக்கு அந்த ரத்தமே வந்திருக்காது. கேட்க மனசு வராது. யூடியூபில் ஜெர்மன்காரன் சொன்னால் கலை, இவர் செய்தால் சிரைப்பு.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். "இது ஜாதிப் பதிவு" என்று யாரோ எழுதுவார்கள். எழுதுங்கள். நான் கத்தியைப் பற்றித்தான் எழுதினேன், வசையை ஆரம்பித்தது நான் இல்லை.

இன்பாக்ஸில் "தாத்தா கத்தி பரணில் கிடைச்சுது, துருப்பிடிச்சிருக்கு, தேறுமா?" என்று கேட்ட மூன்று பேருக்கும் இங்கேயே பதில். மேலோடான சிவப்புத் துரு என்றால் தையல் மெஷின் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்துத் துணியால் முதுகிலிருந்து வாய்ப் பக்கமாக மெதுவாகத் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுச் சுரண்டாதீர்கள். வாய் ஓரத்தில் கரும்புள்ளியாகக் குழி விழுந்திருந்தால் அந்தக் குழி தாண்டும்வரை கல்லில் இறக்க வேண்டும், எல்லாக் கத்தியும் அதைத் தாங்காது. மயிரிழை விரிசல் இருந்தால் அலமாரியில் வைத்து அழகு பாருங்கள், முகத்துக்கு வேண்டாம். தேறிய கத்தியைக் குளியலறையில் வைக்காதீர்கள். ஈரம் போக ஒற்றித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, காற்றாடும் இடத்தில் வையுங்கள். கடலோர ஊர்க்காரர்கள் இரண்டு சொட்டு.

கத்தி தேறுமா என்று போட்டோ அனுப்புகிறவர்கள் பிடியின் அழகை எடுத்து அனுப்பாதீர்கள். வாய்ப் பக்கம், கிட்டத்தில், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுங்கள்.