படம் எடுத்த பிறகு?

உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பாடி, பரிசு கொடுத்து, படம் எடுத்துத் திரும்பியதை நான் படித்த கட்டுரை ஒன்று பாராட்டுகிறது; விருது விழாவையும் விரிவாகச் சொல்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அங்கிருப்பவர்களிடம் 'உங்களுக்கு என்ன வேண்டும்' என்று முன்கூட்டியே யாராவது கேட்டார்களா?

நானும் சில வருடங்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன். முதல் முறை எங்களுடையதும் பாட்டுக் கச்சேரிதான். கிளம்பும்போது ஒரு பெரியவர், "பாட்டு இருக்கட்டும் தம்பி, இந்தப் போன்ல பேத்தியை வீடியோவுல பார்க்கறது எப்படின்னு சொல்லிக் கொடுங்க" என்றார். அடுத்த தடவையிலிருந்து அதுதான் எங்கள் வேலை. வகுப்பில் வாயே திறக்காத பையன் அங்கே அவ்வளவு பொறுமையான வாத்தியார்!

உதாரணத்துக்கு, பல நாடுகளில் பள்ளியின் கடைசி இரண்டு வருடங்களுக்கு நடத்தப்படும் ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலரேட்) டிப்ளோமா படிப்பில், சமூக சேவையும் அடங்கிய சி.ஏ.எஸ். (படைப்பாற்றல், செயல்பாடு, சேவை) பகுதி குறைந்தது 18 மாதம் நடக்க வேண்டும். முன்பு 150 மணி நேரம் என்றொரு கணக்கு இருந்தது. இப்போது மணிக்கணக்கு கேட்பதில்லை. சரியான மாற்றம். கணக்குக் கேட்டால் பிள்ளைகள் கையெழுத்து வாங்கத்தான் வருவார்கள். ஒரே இல்லத்துக்கு மாதாமாதம் போய்ப் பாருங்கள், ஒரு மாதம் தவறினால் 'ஏன் வரலை' என்று கேட்க அங்கே ஆள் இருக்கும். கட்டுரையில் விருது விழாவுக்கு ஒதுக்கிய நான்கு பத்தியில் இரண்டை இதற்குக் கொடுத்திருக்கலாம்.